உங்களுக்குத் தெரியுமா? ஒரு பவுனில் எத்தனை அணு!

அணுவை யாரும் ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை. எடை போட்டுத்தான் எண்ணுகிறார்கள். 2011-இல் வந்த ஒரு ரூபாய் நாணயத்தின் எடை 3.79 கிராம். ஒரு பை நிறைய அதே நாணயம், எடை 3.79 கிலோ என்றால், உள்ளே ஆயிரம் ரூபாய் இருக்கிறது என்று பையைப் பிரிக்காமலே சொல்லிவிடலாம். வேதியியலில் நாணயத்துக்குப் பதில் அணு, ஆயிரத்துக்குப் பதில் மோல். எந்தத் தனிமமானாலும் அதன் அணு நிறை எவ்வளவோ அத்தனை கிராம் எடுத்தால் ஒரு மோல்: கார்பன் 12 கிராம், இரும்பு 55.85, ஈயம் 207.2. மூன்றிலும் அணுக்களின் எண்ணிக்கை ஒன்றுதான். பாடநூலில் அவகாட்ரோ எண், 6.022 × 10²³. நம் வழக்கில் 602 கோடி கோடி கோடி.

●

ஒரு பவுன் 8 கிராம். 916 முத்திரை போட்ட 22 காரட் நகை என்றால் அதில் சுத்தத் தங்கம் சுமார் 7.33 கிராம். தங்கத்தின் அணு நிறை 196.97. வகுத்தால் 0.0372 மோல், அவகாட்ரோ எண்ணால் பெருக்கினால் 22.4 கோடி கோடி கோடி தங்க அணுக்கள். மீதி 0.67 கிராம் முழுவதும் செம்பு என்று வைத்துக்கொள்வோம் (உண்மையில் வெள்ளியும் கலப்பார்கள்). செம்பின் அணு நிறை 63.55தான். ஆகவே அந்தத் துளியூண்டு செம்பிலேயே 6.3 கோடி கோடி கோடி அணுக்கள் வந்துவிடும். எடையில் பன்னிரண்டில் ஒரு பங்காக இருக்கும் செம்பு, தலை எண்ணிக்கையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டிவிடுகிறது! நகைக்கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அவர் எடைக்கு விற்கிறார், அவ்வளவுதான்.

●

வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டிய அயோடின் 150 மைக்ரோகிராம். கண்ணுக்கே தெரியாத அளவு. அதை 126.9-ஆல் வகுத்து அவகாட்ரோ எண்ணால் பெருக்கினால் ஏறத்தாழ 7,100 கோடி கோடி அணுக்கள். நொடிக்கு ஒன்று வீதம் எண்ண உட்கார்ந்தால் 1,380 கோடி ஆண்டு வயதுள்ள இந்தப் பிரபஞ்சம் தோன்றியதிலிருந்து இன்றுவரை எண்ணியும் முடிந்திருக்காது. இன்னும் அந்தக் காலத்தில் பாதிக்கும் மேல் பிடிக்கும்.

●

உங்கள் கைப்பேசியில் 5,000 எம்.ஏ.ஹெச் பேட்டரியா? முழு சார்ஜில் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போய்வரும் லித்தியத்தின் எடை 1.3 கிராம்தான். கணக்கு எளிது. ஒரு லித்தியம் அணு ஓர் எலக்ட்ரானைத் தரும். ஒரு மோல் எலக்ட்ரான் என்பது 26.8 ஆம்பியர் மணி. 5,000 எம்.ஏ.ஹெச் என்பது 5 ஆம்பியர் மணி; 5-ஐ 26.8-ஆல் வகுத்தால் 0.187 மோல், லித்தியத்தின் அணு நிறையான 6.94-ஆல் பெருக்கினால் 1.3. (பேட்டரிக்குள் இருக்கும் மொத்த லித்தியம் இதைவிடக் கூடுதல், எல்லாமே இடம்பெயர்வதில்லை.) அதே எடை ஈயத்தில் இதில் முப்பதில் ஒரு பங்கு அணுக்கள்தான் கிடைக்கும்.

●

'அவகாட்ரோ எண்' எவ்வளவு என்று அவகாட்ரோவுக்கே தெரியாது. சட்டம் படித்துவிட்டு அறிவியலுக்கு வந்த அந்த இத்தாலியர் 1811-இல் சொன்னது, ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம கனஅளவுள்ள வாயுக்களில் சம எண்ணிக்கையில் மூலக்கூறுகள் இருக்கும் என்பதை மட்டும்தான். எத்தனை என்று அவர் சொல்லவில்லை. அப்போது அதை அதிகம் பேர் காதில் போட்டுக்கொள்ளவும் இல்லை. 1856-இல் அவர் இறந்து நான்கு ஆண்டு கழித்து, கார்ல்ஸ்ரூ மாநாட்டில் கன்னிசாரோ அந்தக் கருத்தைக் கையில் எடுத்து வாதாடினார். 1865-இல் வியன்னாவின் லோஷ்மிட் காற்று மூலக்கூறின் பருமனைக் கணித்தபோதுதான் எண்ணிக்கைக்கு வழி பிறந்தது. அவகாட்ரோவின் பெயரை அந்த எண்ணுக்கு வைத்தவர் பிரான்ஸின் ழான் பெரின், 1909-இல்.

●

இன்னொரு வேடிக்கை. 'மோல்' என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்த வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்டு நெடுங்காலம் அணு என்று ஒன்று இருப்பதையே நம்பாதவர்! மோல் எடைக் கணக்குக்கு வசதியான ஓர் அளவு, அவ்வளவே என்பது அவர் கட்சி. கம்போஜ் என்ற மஞ்சள் மரப்பிசினின் நுண்துகள்களைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, எந்த உயரத்தில் எத்தனை என்று நுண்ணோக்கியில் பெரின் எண்ணிக் காட்டிய காலத்தில்தான் அவர் மனம் மாறினார். பெரினுக்கு 1926-இல் நோபல் பரிசு கிடைத்தது.

●

2019 மே 20-க்கு முன்புவரை மோல் என்றால் 12 கிராம் கார்பன்-12-இல் உள்ள அணுக்களின் எண்ணிக்கை. இப்போது கார்பன் தேவையில்லை: 6.02214076 × 10²³ என்று எண்ணையே சட்டமாக்கிவிட்டார்கள். அதற்காகச் சிலிக்கான்-28-ஆல் ஒரு கிலோ எடையில் உருண்டைகள் செய்தார்கள். விட்டம் சுமார் 9.4 சென்டிமீட்டர். லேசரால் உருண்டையின் அளவையும் எக்ஸ் கதிரால் அணுக்களுக்கிடையே உள்ள தூரத்தையும் அளந்து, உள்ளே எத்தனை அணு என்று கணக்கிட்டார்கள். ஏறத்தாழ 21,500 கோடி கோடி கோடி.

●

16 கிராம் ஆக்சிஜன் எத்தனை மோல்? ஒன்று என்றாலும் சரி, அரை என்றாலும் சரி! அணுக்களாக ஒரு மோல். ஆக்சிஜன் இரட்டையாகத் திரிவதால் மூலக்கூறுகளாக அரை மோல். கந்தகம் இன்னும் மோசம், எட்டெட்டாகச் சேர்ந்திருக்கும். 256 கிராம் எடுத்தால்தான் கந்தக மூலக்கூறு ஒரு மோல். பிளஸ் ஒன் தேர்வில் மதிப்பெண் பறிபோகும் இடம் இதுதான்.

●

குளோரினுக்கு 35.45 என்று ஏன் அரைகுறை எண்? 35 நிறையுள்ளது நான்கில் மூன்று பங்கு, 37 உள்ளது ஒரு பங்கு, இரண்டுக்கும் சராசரி.

●

மோலுக்கும் ஒரு கொண்டாட்ட நாள் உண்டு: அக்டோபர் 23, காலை 6.02 முதல் மாலை 6.02 வரை. மாதத்தை முன்னால் எழுதும் அமெரிக்கர்களுக்கு 10/23 அழகாகப் பொருந்துகிறது. 23/10 என்று எழுதும் நமக்குத்தான் அடுக்கு தலைகீழாகிவிடுகிறது.