தொண்டையில் ஏதோ சிக்கின மாதிரியே இருக்கா? வயிற்றையும் கொஞ்சம் கவனிங்க!

சளி இல்லை, காய்ச்சல் இல்லை. ஆனாலும் வாரக்கணக்கில் தொண்டை கரகரப்பு, அடிக்கடி கனைப்பு. என்ன காரணம்?

வயிற்று அமிலம் தொண்டை வரை ஏறி வருவது ஒரு முக்கிய காரணம். நெஞ்செரிச்சலே இல்லாமலும் இது வரலாம். அதனால்தான் பலருக்கு வயிற்றின் மேல் சந்தேகமே வருவதில்லை. அலர்ஜி, மூக்கிலிருந்து தொண்டைக்குள் வடியும் சளி, புகை, ஓயாமல் பேசும் வேலை ஆகியவையும் காரணமாகலாம்.

என்ன செய்யலாம்?

* இரவுச் சாப்பாட்டை தூங்குவதற்கு 3 மணி நேரம் முன்பே முடிச்சிடுங்க.
* கட்டிலின் தலைமாட்டை 6 அங்குலம் உயர்த்துங்க. தலையணையை மட்டும் அடுக்கினால் வயிறு மடங்கி அழுத்தம் கூடும்.
* காபி, காரம், எண்ணெய்ப் பலகாரம் குறைச்சுப் பாருங்க.
* கனைக்கத் தோன்றினால் ஒரு வாய் தண்ணீர் குடிங்க. கனைக்கக் கனைக்க குரல்நாண்கள் உரசி வீங்கும். இன்னும் கனைக்கத்தான் தோன்றும்.
* நீங்களாகவே ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போடாதீங்க. அமில எரிச்சலுக்கு அது வேலை செய்யாது.

பலன் தெரிய சில வாரங்கள் ஆகலாம்.

எப்போது டாக்டரிடம் போகணும்?

குரல் கம்மல் 3 வாரம் தாண்டினாலோ, விழுங்கச் சிரமம், கழுத்தில் கட்டி, எச்சிலில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு இருந்தாலோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்க. புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்கள் தள்ளிப்போடவே கூடாது. இவை தொண்டைப் புற்றுநோயின் அறிகுறிகளாகவும் இருக்கலாம்.