ஒன்று இரண்டு, இரண்டு ஒன்று

வேதத்தில் அடுத்தடுத்து வரும் மூன்று சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று இரண்டு, இரண்டு ஒன்று, ஒன்று இரண்டு மூன்று, மூன்று இரண்டு ஒன்று, ஒன்று இரண்டு மூன்று. இதுதான் கனபாடம். மூன்று சொற்களுக்குப் பதின்மூன்று உச்சரிப்பு. அடுத்த சுற்று இரண்டாம் சொல்லில் தொடங்கும்.

திருமலையில் தர்மகிரி வேத பாடசாலை 1884-இல் தொடங்கியது. இதுபோன்ற பாடசாலைகளில் குரு ஒரு தடவை சொல்வார், பிள்ளைகள் இரண்டு தடவை திருப்பிச் சொல்வார்கள். சந்தை என்று பெயர். கனம் வரை போகப் பல ஆண்டு உழைக்க வேண்டும்.

அப்போது மூளையில் என்ன நடக்கிறது? காதுக்கு உட்புறமாக, பொட்டு மடலின் ஆழத்தில் ஹிப்போகேம்பஸ் இருக்கிறது. புதிய சொல், அதன் ஸ்வரம், சொன்ன குரல் எல்லாவற்றையும் அதுதான் முதலில் சேர்த்து முடிச்சிடுகிறது. சேர்ந்து இயங்கும் நரம்புச் செல்களின் இணைப்பு வலுக்கிறது. பகலில் ஓடிய வரிசை தூக்கத்தில் மறுபடி ஓடி, மெல்ல மெல்லப் பெருமூளைப் புறணியில் வேர்விடுகிறது. இரவெல்லாம் விழித்துப் படிப்பவர்கள் இதைத்தான் இழக்கிறார்கள்.

என்னை வியக்கவைப்பது கனபாடத்தின் பின்னோட்டம். சாதாரண மனப்பாடம் முன்னோக்கியே ஓடும். நடுவில் தடுத்தால் முதலிலிருந்து வரவேண்டும். கனத்தில் அந்த ஓட்டம் கைகொடுக்காது. ஒவ்வொரு சொல்லையும் தேடித்தான் எடுக்க வேண்டும். ஏட்டை மூடிவிட்டு இப்படித் தேடி எடுப்பது, திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட நெடுநாள் நிற்கும் என்பதை உளவியல் சோதனைகள் பலமுறை காட்டியிருக்கின்றன. இத்தகைய பயிற்சி காலங்காலமாக ஒரே சாதியின் ஆண்பிள்ளைகளோடு நின்றுபோனது பெரிய இழப்பு.

நரம்பியல் ஆய்வாளர் ஜேம்ஸ் ஹார்ட்செல் குழுவினர் இந்திய வேத பண்டிதர்கள் 21 பேரின் மூளையை ஸ்கேன் செய்து, மற்றவர்களோடு ஒப்பிட்டு 2016-இல் ஆய்வு வெளியிட்டார்கள். மொழிக்கும் நினைவுக்கும் உரிய பல பகுதிகளில் பண்டிதர்களுக்குச் சாம்பல்நிறப் பொருள் கூடுதலாக இருந்தது. ஹிப்போகேம்பஸிலும் வேறுபாடு தெரிந்தது.

ஆனால் பயிற்சி மூளையை மாற்றியதா, அப்படிப்பட்ட மூளை வாய்த்தவர்களே கடைசிவரை தாக்குப்பிடித்தார்களா? ஒருமுறை எடுத்த ஸ்கேன் இதைச் சொல்லாது. லண்டனில் டாக்சி ஓட்டுநராகத் தெருக்களை மனப்பாடம் செய்பவர்களைப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் ஸ்கேன் செய்தார்கள். தேறியவர்களுக்கு மட்டுமே ஹிப்போகேம்பஸ் வளர்ந்திருந்தது. முதல் சந்தைக்கு உட்காரும் பிள்ளைகளிடமும், அவர்கள் கனம் முடித்து எழும்போதும், இதே அளவீட்டைச் செய்து பார்க்க வேண்டும்.