பார்த்தீனியத்தை இனங்காணல்

கையாந்தகரையும் வெண்பூப் பூப்பது. பார்த்தீனியமும் வெண்பூப் பூப்பது. பூவை மட்டும் நோக்குவார் மருந்தாகும் முன்னதைப் பிடுங்கியெறிந்து, நஞ்சாகும் பின்னதை வளரவிடுதல் கூடும். ஆதலின் இலையையே முதற்கண் நோக்குதல் வேண்டும். கையாந்தகரையின் இலை பிளவுபடாது நீண்டிருக்கும். பார்த்தீனியத்தின் இலையோ கரட் இலைபோல ஆழப் பிளவுண்டது. இளமையில் நிலத்தோடு வட்டமாய்ப் படிந்து கிடப்பது. பின்னர், வரியோடி மென்மயிர் போர்த்த தண்டு நிமிர்ந்து கிளைக்கும். பூந்தலை ஏறத்தாழ 4 மில்லிமீற்றர் அகலமுடையது. அதன் விளிம்பில் ஐந்து முனைகள் தெரியும். ஒரு பூந்தலைக்கு ஐந்து விதைகளே எனினும், செழித்த செடியொன்று பதினாயிரத்துக்கு மேற்பட்ட விதைகளை உதிர்க்கவல்லது.

அமெரிக்க வெப்பநாடுகளைத் தாயகமாகக் கொண்ட இக்களை, இந்தியாவிற் பூனா நகரில் 1950களிலும், இலங்கையில் வவுனியாவில் 1999இலும் இனங்காணப்பட்டது. 1987இல் இந்தியப் படையினரோடு வந்ததென்பது பரவலான கருத்து. யாரோடு வந்தது என்னும் வழக்கு ஒருபுறமிருக்க, எதனோடு பரவுகின்றது என்பதே நறுவிலிக்குளத்து உழவர்க்கு வேண்டுவது. அறுவடை இயந்திரம், உழவு இயந்திரச் சக்கரத்துச் சேறு, வெளியூர் எரு ஆகியவற்றோடு விதை வயல் புகும்.

இச்செடியைத் தொடுவார் சிலர்க்குத் தோலழற்சியும், பூந்தூளை முகர்வார் சிலர்க்கு மூச்சிரைப்பும் உண்டாகும். பள்ளிச் சிரமதானங்களிற் பிள்ளைகளை வெறுங்கையாற் பிடுங்கவிடுதல் தகாது. கையுறை அணிந்தோர், மழையால் மண் நெகிழ்ந்த வேளையில், பூக்குமுன் வேரோடு அகற்றல் வேண்டும்.