டைபாய்டு ஊசி போட்ட பிறகும் கைகழுவ வேண்டுமா?

நாசி கண்டார் கடையானாலும் லிட்டில் இந்தியாவில் வடை சுடும் கடையானாலும், வேலைக்குச் சேர டைபாய்டு ஊசி அட்டை வேண்டும். மலேசியாவின் 2009ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிமுறைகளின்படி இது கட்டாயம். ஊசி போட்டாயிற்று, இனி என்ன பயம் என்கிறீர்களா? அது பாதி உண்மைதான்.

ஊசி எதைத் தாக்கச் சொல்லித் தருகிறது? டைபாய்டு கிருமியின் மேல் சர்க்கரைச் சங்கிலிகளாலான மெல்லிய உறை உண்டு. 1934இல் கண்டறியப்பட்ட இதற்கு ‘விஐ’ என்று பெயர். நமக்குப் போடும் ஊசியில் இருப்பது இந்த உறையின் துணுக்குதான்.

கிருமிக்கு அந்த உறை எதற்கு? ஒளிந்துகொள்ள. சரியாக வேகாத கோழியிறைச்சி வழியாக வரும் சாதாரண சால்மொனெல்லா கிருமிக்கு உறை கிடையாது. வெள்ளையணுக்கள் உடனே அடையாளம் கண்டு கொதித்தெழும்; ஓரிரு நாளிலேயே வயிற்றைக் கலக்கிவிடும். டைபாய்டு கிருமியோ சத்தமில்லாமல் நுழைந்து, தன்னை விழுங்க வந்த பெருவிழுங்கிக்குள்ளேயே (கிருமிகளைத் தின்னும் வெள்ளையணு) குடியிருந்து, ஈரலுக்கும் மண்ணீரலுக்கும் போய்விடும். காய்ச்சல் தெரிய ஒன்றிரண்டு வாரம்கூட ஆகும்.

உறையை உண்டாக்கும் மரபணு (உயிரணுவுக்கு வேலை சொல்லும் குறிப்பு) பழுதானால்? கிருமி உறையில்லாமல் நிற்கும். எதிர்ப்பு அணுக்கள் அதைச் சீக்கிரம் மோப்பம் பிடித்து, பலமாக எதிர்க்கும். நமக்கு நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் உறையில்லாத கிருமியும் காய்ச்சல் தரும். பாகிஸ்தானின் பைசலாபாத் வட்டாரத்தில் நோயாளிகளின் ரத்தத்திலேயே அதைக் கண்டிருக்கிறார்கள். உறையைப் பிடிக்கப் பழகிய ஊசிக்கு அங்கே வேலையில்லை. டைபாய்டைப் போலவே படுத்தும் பாராடைபாய்டு ‘ஏ’ கிருமிக்கும் உறை இல்லை. அதையும் இந்த ஊசி தடுக்காது.

அப்படியானால் ஊசி வீணா? இல்லவே இல்லை. பெரும்பாலான டைபாய்டு கிருமிகள் உறையோடுதான் வருகின்றன. அவற்றிடமிருந்தும் முழுப் பாதுகாப்பு கிடைப்பதில்லை என்பதையும், கிடைப்பது சுமார் 3 ஆண்டுகளில் குறைந்துவிடும் என்பதையும் மறக்கக்கூடாது. அவ்வளவுதான்.

கைகழுவினால் எந்தக் கிருமியும் போகும். உறை இருக்கிறதா என்று சோப்பு பார்ப்பதில்லை. காய்ச்சல் ஆறிய சிலரின் பித்தப்பையில் கிருமி ஆண்டுக்கணக்கில் தங்கி, மலத்தோடு வெளியேறும். அவர்களுக்கே அது தெரியாது. ஆகவே கழிவறைக்குப் போய்வந்ததும், காசு வாங்கிய கையால் குழம்புக் கரண்டியைத் தொடும் முன்பும், நகக்கண் வரை தேய்த்துக் கழுவுங்கள்.

காய்ச்சல் மூன்று நாளுக்கு மேல் நீடித்தால்? கடையில் மாத்திரை வாங்கிப் போடாமல் கிளினிக்குக்குப் போங்கள். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் தன் கிளந்தான் வளாகத்தில் உருவாக்கிய ‘டைபிடாட்’ போன்ற விரைவுச் சோதனைகள் உதவும். ஆனாலும் மருந்து தொடங்கும் முன் ரத்தம் எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்ப்பதே உறுதியான வழி. கிருமியின் மரபணுவில் ஓர் எழுத்து மாறினாலே சிப்ரோபிளாக்சசின் மாத்திரை சரியாக வேலை செய்யாமல் போகலாம். எந்த மருந்து கேட்கும் என்பதை அந்தச் சோதனைதான் காட்டும். கொடுத்த மருந்தைப் பாதியில் நிறுத்தாதீர்கள்.

இன்றே உங்கள் ஊசி அட்டையை எடுத்துத் தேதியைப் பாருங்கள். 3 ஆண்டு கடந்திருந்தால் மறுபடி போட்டுக்கொள்ளுங்கள்.