உருவப்பட எட்சிங்

எட்சிங் என்பது செப்பு அல்லது துத்தநாகத் தகட்டில் அமிலத்தால் கோடுகளை அரித்து, அவற்றில் மை நிரப்பி, ஈரத்தாளில் அழுத்தி எடுக்கும் அச்சோவிய முறை. இம்முறையில் ஒருவரின் முகத்தை வரைவதே உருவப்பட எட்சிங்.

முதலில் தகட்டின்மேல் மெழுகு கலந்த பூச்சு பூசப்படும். ஓவியர் ஊசியால் அந்தப் பூச்சை மட்டும் கீறி வரைவார். அமிலத்தில் இட்டால் கீறிய இடங்கள் அரிக்கப்படும். அதிக நேரம் இட்டால் கோடு ஆழமாகி அச்சில் அழுத்தமான கறுப்பாக விழும். அரித்த கோட்டை நீக்க வேண்டுமானால் தகட்டையே சுரண்டித் தேய்க்க வேண்டும். எண்ணெய் வண்ணத்தில் ஒரு சுருக்கத்தை மேற்பூச்சால் மறைப்பது போன்ற வசதி இங்கில்லை. அதற்காக எட்சிங் பொய் சொல்லாது என்று கொள்ளக் கூடாது. முகத்துதி செய்யும் எட்சிங்குகளும் ஏராளம். இருந்தாலும் தயங்கித் தயங்கி அழகூட்டுபவருக்கு உகந்த ஊடகம் அல்ல இது. 17ஆம் நூற்றாண்டிலேயே ரெம்பிராண்ட் தம் முகத்தையும் முதியவர்களின் முகங்களையும் ஒப்பனையின்றி இம்முறையில் பதித்தார்.

இந்தியாவில் இத்துறையின் முன்னோடி வங்காளத்தைச் சேர்ந்த முகுல் தே (1895–1989). 1916இல் தாகூருடன் ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் சென்ற இவர், சிகாகோவில் எட்சிங் கற்றார். 1928இல் கல்கத்தா அரசு கலைப் பள்ளியின் முதல்வரானார். இவர் பெரிதும் கையாண்டது டிரைபாயின்ட். அமிலமின்றி ஊசியால் தகட்டையே நேரடியாகக் கீறும் முறை அது. கீறும்போது எழும் உலோகப் பிசிறு மையைப் பிடித்துக்கொள்வதால் கோடு மென்மையாகப் படரும். பிசிறு விரைவில் தேய்ந்துவிடும். நல்ல படிகள் சிலவே கிடைக்கும். காந்தி, தாகூர் போன்றோரை வரைந்த அதே ஊசியால் சந்தால் மக்களையும் பாவுல் பாடகர்களையும் வரைந்தார். பெரியவர்களின் படங்களில் மரியாதை சற்றுத் தூக்கலாகவே தெரியும்.

அந்த மரியாதையையும் விலக்கியவர் பிரிட்டிஷ் ஓவியர் லூசியன் பிராய்ட் (1922–2011). இளமையில் சில எட்சிங்குகள் செய்து நிறுத்தியவர், 1982இல் மீண்டும் தொடங்கினார். தகட்டை மேசையில் கிடத்தாமல், ஓவியத் திரைபோல் தாங்கியில் நிமிர்த்தி வைத்து, எதிரே அமர்ந்தவரைப் பார்த்தே வரைந்தார். ஒரே தகட்டுக்காக வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் அமர வேண்டியிருந்தது. அவ்வளவு நேரம் யாராலும் 'போஸ்' கொடுக்க முடியாது. தளர்ந்த கன்னம், சதை மடிப்பு, உறக்கக் கலக்கம் எல்லாம் தாமாக வெளிவந்தன. பின்புலம் பெரும்பாலும் வெற்று வெள்ளை.

எட்சிங்கில் படம் இடவலம் மாறி அச்சாகும். எனவே அமர்ந்தவர் அதில் காண்பது, பிறர் பார்க்கும் முகத்தை அல்ல. தினமும் கண்ணாடியில் தாம் பார்க்கும் முகத்தை.