தெருவிலே இருக்கிறது பொது அறிவு

தாராவியில் ஒரு மாலை நேரம். ஓர் அம்மா அடுப்பு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வருகிறாள்.

"எம்மா, நாளைக்குப் பொது அறிவுப் போட்டி. இந்தியாவில் முதல் ரயில் எங்கே ஓடிச்சு, சொல்லு" என்கிறாள்.

"எனக்கு என்னட்டி தெரியும்? நான் என்ன படிச்சவளா?" என்கிறார் அம்மா.

அந்த ரயில் ஓடிய பாதை அவர் வீட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அந்தப் பாதையில் போகும் ரயிலில்தான் அவர் தினமும் வேலைக்குப் போகிறார். அவருக்குத் தெரியாதது அந்தச் செய்தி மட்டும்தான்.

பொது அறிவு என்பது பரீட்சை எழுதுகிறவர்களின் சொத்து அல்ல. நாம் நடக்கும் தெருவில் அது கிடக்கிறது. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய மூன்று இடங்களைச் சுற்றி வருவோம். என்னென்ன கிடைக்கிறது என்று பார்ப்போம்.

முதல் ரயில்

1853ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் தேதி இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. மும்பை போரிபந்தரில் புறப்பட்டுத் தானே போய்ச் சேர்ந்தது. தூரம் 34 கிலோமீட்டர். பெட்டிகள் 14. ஏறியவர்கள் சுமார் 400 பேர். சாகிப், சிந்து, சுல்தான் என்ற மூன்று எஞ்சின்கள் அதை இழுத்தன. மாட்டுங்கா, சயான் வழியாக இன்றும் ரயில் ஓடுகிறதே, அதுதான் அந்தப் பாதை.

நம் தமிழ்நாட்டுக்குப் பயணிகள் ரயில் வந்தது 1856இல். சென்னை ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை அது ஓடியது.

மாட்டுங்கா ரயில் நிலையத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 2017ஆம் ஆண்டு ஜூலை மாதம் அங்கே எல்லா வேலைகளையும் பெண்களிடமே ஒப்படைத்தார்கள். நிலைய மேலாளர், டிக்கெட் கொடுப்பவர், டிக்கெட் பரிசோதகர், காவலர் எல்லோரும் பெண்கள். இந்தச் செய்தி லிம்கா சாதனைப் புத்தகத்தில் ஏறியது.

சீதனமாக வந்த ஊர்

மும்பை ஒரு காலத்தில் ஒரே நிலமாக இருக்கவில்லை. ஏழு சிறு தீவுகளாக இருந்தது. அங்கே கோலி மக்கள் மீன் பிடித்து வாழ்ந்தார்கள். தாராவியில் கோலிவாடா என்ற பகுதி இன்றும் இருக்கிறது. தாராவியின் பழைய குடிகள் அவர்கள்தான்.

பிறகு போர்ச்சுக்கீசியர் இந்தத் தீவுகளைப் பிடித்தார்கள். 1661இல் போர்ச்சுக்கல் இளவரசிக்கும் இங்கிலாந்து மன்னருக்கும் கல்யாண ஒப்பந்தம் நடந்தது. மும்பை சீதனமாகப் போனது! 1668இல் மன்னர் அதைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டார். குத்தகைப் பணம் வருடத்துக்கு 10 பவுண்டுதான்.

தாராவியில் காலா கிலா என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். கறுப்புக் கோட்டை என்று அர்த்தம். மித்தி ஆற்றுப் பக்கம் காவல் காக்க ஆங்கிலேயர் கட்டிய சிறு கோட்டை அது. அங்கே உள்ள கல்வெட்டில் 1737 என்ற ஆண்டு இருக்கிறது.

தோல் ஏன் அழுகுவதில்லை?

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் திருநெல்வேலிப் பக்கத்துத் தமிழர்கள் தாராவிக்கு வந்தார்கள். பலர் தோல் பதனிடும் வேலை செய்தார்கள். நாற்றம் பிடித்த வேலை என்று மற்றவர்கள் ஒதுங்கிப் போனார்கள். ஆனால் அதற்குள் பெரிய விஞ்ஞானம் இருக்கிறது.

பச்சைத் தோலில் ஈரம் இருக்கும். ஈரம் இருந்தால் கிருமி வளரும். தோல் அழுகும். அதனால் முதலில் உப்புப் போடுவார்கள். உப்பு ஈரத்தை இழுத்துவிடும். பிறகு சுண்ணாம்பில் ஊறவைத்து முடியை எடுப்பார்கள். அதன்பின் ஆவாரம்பட்டை, கடுக்காய் போன்றவற்றின் சாற்றில் ஊறவைப்பார்கள். இவற்றில் துவர்ப்புச் சத்து இருக்கிறது. அது தோலின் நார்களோடு கெட்டியாகச் சேர்ந்துகொள்கிறது. அதற்குப் பிறகு கிருமியால் தோலை எளிதில் அழிக்க முடியாது.

இன்று பதனிடும் வேலை தாராவியில் பெரும்பாலும் நின்றுவிட்டது. ஆனால் பையும் பெல்ட்டும் செருப்பும் தைக்கும் தொழில் நடக்கிறது.

பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது?

தாராவியில் கும்பார்வாடா என்று ஓர் இடம் உண்டு. குஜராத்திலிருந்து வந்த குயவர்கள் அங்கே வாழ்கிறார்கள்.

வெயிலில் காய்ந்த பச்சைப் பானையில் தண்ணீர் ஊற்றினால் பானை கரைந்துவிடும். சூளையில் சுட்ட பானை கரையாது. ஏன்? சூட்டினால் களிமண்ணின் தன்மையே மாறிவிடுகிறது. அது திரும்பவும் சேறு ஆகாது.

சுட்ட பானையில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. அவற்றின் வழியாகத் தண்ணீர் கசிந்து வெளியே வரும். அது ஆவியாகிப் போகும். ஆவியாகும்போது பானையின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். அதனால் உள்ளே இருக்கும் தண்ணீர் குளிர்கிறது. வேர்த்த உடம்பில் காற்றுப் பட்டால் குளிர்கிறதே, அதுவும் இப்படித்தான்.

தன் உடம்பிலேயே ஊசி போட்டவர்

1896இல் மும்பையில் பிளேக் நோய் பரவியது. கொத்துக் கொத்தாக மக்கள் இறந்தார்கள். ஏராளமானோர் ஊரைக் காலி செய்து ஓடினார்கள். கெட்ட காற்றால் வருகிறது, சாபத்தால் வருகிறது என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள்.

அப்போது வால்டெமர் ஹாஃப்கின் என்ற விஞ்ஞானி மும்பைக்கு வந்தார். இவர் உக்ரைன் நாட்டு ஒடெசா நகரில் பிறந்தவர். ஒரு சிறு அறையில் இரவும் பகலும் உழைத்துத் தடுப்பு மருந்து தயாரித்தார். 1897ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் தேதி அந்த மருந்தைத் தன் உடம்பிலேயே முதலில் போட்டுக்கொண்டார். காய்ச்சல் வந்தது. வலி வந்தது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் பிறகுதான் மற்றவர்களுக்குப் போட்டார். பரேலில் உள்ள ஹாஃப்கின் நிறுவனம் அவர் பெயரில்தான் இருக்கிறது.

1898இல் பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் இன்னொரு உண்மையைக் கண்டுபிடித்தார். பிளேக் எலியிடம் இருக்கிறது. எலியின் மேல் இருக்கும் தெள்ளுப்பூச்சி மனிதனைக் கடிக்கிறது. நோய் பரவுகிறது. அதாவது எலியையும் தெள்ளுப்பூச்சியையும் கட்டுப்படுத்தினால் நோய் பரவுவது குறையும்.

பிளேக்குக்குப் பிறகு அதே 1898இல் நகரைச் சீர்படுத்த ஓர் அமைப்பை அரசு ஏற்படுத்தியது. அகலமான தெருக்கள், தோட்டங்கள், காற்றோட்டமான வீடுகள் என்று திட்டம் போட்டார்கள். மாட்டுங்கா அப்படி வளர்ந்த பகுதிதான்.

ஆனால் தாராவிக்கு அந்த அகலம் கிடைக்கவில்லை. சுமார் 2 சதுர கிலோமீட்டரில் பல லட்சம் பேர் நெருங்கி வாழ்கிறார்கள். 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதி தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். இனி தாராவி பிழைக்காது என்று பலர் பேசினார்கள். நடந்தது வேறு. சுகாதாரப் பணியாளர்களும் தாராவி மருத்துவர்களும் வீடு வீடாகப் போய்க் காய்ச்சல் பார்த்தார்கள். நோய் உள்ளவர்களைத் தனியே வைத்துக் கவனித்தார்கள். மக்கள் ஒத்துழைத்தார்கள். நோய் கட்டுக்குள் வந்தது. 2020 ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் தலைவரே தாராவியை எடுத்துக்காட்டாகச் சொன்னார்.

வதந்தி பயத்தைப் பரப்பும். அறிவு உயிரைக் காப்பாற்றும். 1897இலும் அதுதான் நடந்தது. 2020இலும் அதுதான் நடந்தது.

பாட்டும் நீல வெளிச்சமும்

மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் அருகில் சண்முகானந்தா அரங்கம் இருக்கிறது. இதை நடத்தும் சபை 1952இல் தொடங்கியது. 1990இல் அரங்கத்தில் தீப்பிடித்தது. மீண்டும் கட்டி எழுப்பினார்கள். இசை மேதைகள் பலர் அங்கே பாடியிருக்கிறார்கள். மதுரையில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமி அவர்களில் ஒருவர். அவர் 1966இல் ஐக்கிய நாடுகள் சபையில் பாடினார். 1998இல் பாரத ரத்னா விருது பெற்றார்.

செம்பூரில் ராஜ் கபூர் 1948இல் ஆர்.கே. ஸ்டூடியோவைத் தொடங்கினார். 2017இல் அங்கே பெரிய தீவிபத்து நடந்தது. பிறகு அந்த இடம் கைமாறிவிட்டது.

செம்பூரைத் தாண்டினால் டிராம்பே. ஹோமி பாபா என்ற விஞ்ஞானியின் முயற்சியால் அங்கே 1956ஆம் ஆண்டு ஆகஸ்ட் 4ஆம் தேதி ஓர் அணு உலை இயங்கத் தொடங்கியது. ஆசியாவின் முதல் அணு ஆராய்ச்சி உலை என்று அது பெயர் பெற்றது. தண்ணீர்த் தொட்டிக்குள் இருந்த அந்த உலையிலிருந்து அழகான நீல வெளிச்சம் வந்தது. அதற்குப் பிரதமர் நேரு அப்சரா என்று பெயர் வைத்தார். மருத்துவத்துக்கும் ஆராய்ச்சிக்கும் அது பயன்பட்டது. 2009இல் அதை நிறுத்தினார்கள். 2018இல் புதிய அப்சரா இயங்கத் தொடங்கியது.

நம் சடுகுடு

நம் ஊர்ச் சடுகுடுதான் கபடி. ஒரு பக்கத்துக்கு 7 பேர். பாடிப் போகிறவருக்கு 30 வினாடி நேரம். 1936இல் ஜெர்மனியின் பெர்லின் நகரில் ஒலிம்பிக் நடந்தது. மகாராஷ்டிரத்தின் அமராவதியிலிருந்து போன குழு அங்கே கபடியை ஆடிக் காட்டியது. 1990இல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் கபடி சேர்ந்தது. இந்தியா தங்கம் வென்றது. 2018இல் இரான் தங்கத்தைத் தட்டிப் பறித்தது. 2023இல் இந்திய ஆண்களும் பெண்களும் அதைத் திரும்ப வென்றார்கள்.

அம்மாவின் கேள்வி

மறுநாள் மாலை. மகள் போட்டி முடிந்து வீட்டுக்கு வருகிறாள். அம்மா மடியில் ஒரு சிறு புத்தகம் இருக்கிறது. எழுத்துக் கூட்டி அவரே படித்து முடித்திருக்கிறார்.

"ஏட்டி, இப்போ நான் ஒரு கேள்வி கேக்கேன். பானைத் தண்ணி ஏன் குளுருது, சொல்லு பாப்போம்."

மகள் விழிக்கிறாள். அம்மா சிரிக்கிறார்.

நீங்களும் விடை சொல்லிப் பாருங்கள்

1. முதல் ரயில் எந்த ஆண்டில் ஓடியது? எங்கிருந்து எங்கே?
2. பச்சைத் தோலில் உப்பு ஏன் போடுகிறார்கள்?
3. பிளேக் நோய் மனிதனுக்கு எப்படிப் பரவுகிறது?
4. ஹாஃப்கின் மருந்தை முதலில் யாருக்குப் போட்டார்? ஏன் என்று நினைக்கிறீர்கள்?
5. உங்கள் தெருவின் பெயர் எப்படி வந்தது? பெரியவர்களிடம் கேட்டு நான்கு வரி எழுதுங்கள்.