கஞ்சமலையின் கறுப்பு வரிகள்

அமாவாசைக்குச் சித்தர் கோவில் போகும் கூட்டம், சேலத்துக் கஞ்சமலையின் கல்லைக் கையிலெடுத்துப் பார்ப்பதில்லை. எடுத்தால் முதலில் உறைப்பது அதன் கனம். பிறகுதான் வரிகள் தெரியும்: கறுப்பு, வெளுப்பு, மறுபடி கறுப்பு. வெளுப்பு குவார்ட்ஸ். கறுப்பு மேக்னடைட், அதாவது காந்த இரும்புத்தாது.

இவை கடலடியில் படிந்த வண்டல். சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை காற்றில் ஆக்ஸிஜன் இல்லையென்றே சொல்லலாம். இரும்பு கடல்நீரில் கரைந்து கிடந்தது. நுண்ணுயிர்கள் வெளிவிட்ட ஆக்ஸிஜன் பட்டதும் அது துருவாக அடியில் இறங்கியது என்பது பெருவாரியான ஆய்வாளர்களின் கணிப்பு. நீரிலிருந்த சிலிக்காவும் கூடவே படிந்தது. இரண்டும் ஏன் மாறிமாறி வரிகட்டின என்பதில் அவர்களுக்குள் சண்டை இன்னும் ஓயவில்லை.

கஞ்சமலையின் கதை அதோடு நிற்கவில்லை. அந்த வண்டல் பூமியின் ஆழத்துக்குப் போய், 700 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்தது. படுக்கைகள் மடிந்து கிண்ணம்போல் குழிந்தன. அதனால்தான் இரும்பு வரிகள் மலையைச் சுற்றி ஓடுகின்றன. சிலிக்கா குவார்ட்ஸாகவும் துரு மேக்னடைட்டாகவும் மாறி, மணிகள் பருத்தன.

ஆலைக்காரர்களுக்கு இதில் ஒரு லாபம், ஒரு நஷ்டம். மணி பெரிதாக இருப்பதால் கல்லை அரைத்துக் காந்தத்தால் இரும்பைப் பிரித்துவிடலாம். ஆனால் சத்தீஸ்கரின் பைலடிலாவில் நடந்ததுபோல், நீர் இறங்கிச் சிலிக்காவை அரித்துக்கொண்டு போகவில்லை. அங்குள்ள ஹெமடைட் தாதில் இரும்பு 60 சதவீதத்தைத் தாண்டும். இங்கே 35 சதவீத அளவுதான். மிச்சமெல்லாம் கழிவு மணல்.

ஆசைப்பட்டவர்கள் உண்டு. 1830-களில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் சேலத்துத் தாதை நம்பிப் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை வைத்தார். விறகுக்கரியை விழுங்கிய அந்த ஆலை தேறவில்லை. 1980-களின் தொடக்கத்தில் மலையடியிலேயே சேலம் உருக்காலை எழுந்தது. வேடிக்கை என்னவென்றால், அது செய்வது துருப்பிடிக்காத எஃகு. கஞ்சமலைத் தாதுக்கு அங்கே வேலையில்லை.

இதே வகைத் தாதை அரைத்துப் பிரித்த கர்நாடகத்தின் குதிரைமுக்கில், காட்டுக்கும் பத்ரா ஆற்றுக்கும் வந்த கேடு வழக்காகி, உச்ச நீதிமன்ற உத்தரவால் 2005 முடிவில் சுரங்கம் நின்றது. கஞ்சமலையைத் தோண்டச் சொல்பவர்கள் முதலில் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.